மலையின் பக்கம் நின்ற எம்.பி.

கல்பாத்திப் புழையில் குளித்து வளர்ந்தவர்களுக்கு, அந்தத் தண்ணீர் மலை தருவது என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அதே மலைத் தண்ணீரில் மின்சாரமும் எடுக்கலாம். சைலன்ட் வாலியில் அதற்காக அணை கட்டுவதா, காட்டைக் காப்பதா என்று எழுந்த பெரிய வாதம் நம் பாலக்காடு மாவட்டத்தில்தான் நடந்தது. 1984இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. வாதம் ஓய்ந்தது, கேள்வி ஓயவில்லை. நிலக்கரிப் புகை இல்லாத மின்சாரம் என்றால் அது சுத்தமான மின்சாரம் ஆகிவிடுமா?

2010இல் மத்திய அரசு மாதவ் காட்கில் தலைமையில் ஒரு குழு அமைத்தது. மறு ஆண்டு வந்த அறிக்கை, மேற்குத் தொடர்ச்சி மலையை மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. மிக நுட்பமான முதல் மண்டலத்தில் பெரிய அணை வேண்டாம் என்றது. 163 மெகாவாட் அதிரப்பள்ளித் திட்டத்துக்கு அனுமதி கூடாது என்றது. பெரிய காற்றாலைத் திட்டங்களும் அங்கே கூடாது என்றது. சூரிய சக்தியையும், அந்தந்த ஊரிலேயே சிறிய அளவில் மின்சாரம் எடுப்பதையும் ஆதரித்தது.

இந்த அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்தவர் அப்போதைய இடுக்கி எம்.பி. பி.டி.தாமஸ். காங்கிரஸ்காரர், இடுக்கியின் உப்புதோடு கிராமத்தில் பிறந்தவர். தொகுதியோ குடியேறிய விவசாயிகள் நிறைந்தது. காடு திருத்தி ஏலமும் மிளகும் வைத்தவர்கள், பட்டா கிடைக்காது, வீடு கட்ட முடியாது என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமல்ல. இடுக்கி அணையின் 780 மெகாவாட் நிலையம் மாநிலத்துக்கே விளக்கேற்றுகிறது. கட்டுப்பாடு மட்டும் எங்களுக்கா என்று மலைவாசி கேட்டால் என்ன பதில் சொல்வது? ஆனால் முடிவெடுக்கும் உரிமையைக் கிராம சபைகளுக்குத் தர வேண்டும் என்று அந்த அறிக்கையே சொன்னது. அந்தச் செய்தி மலையேறவில்லை, வதந்தி ஏறிவிட்டது.

எதிர்ப்பு மூண்டது. தாமஸ் உயிரோடிருக்கும்போதே அவருக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். அவர் பின்வாங்கவில்லை. 2014 தேர்தலில் கட்சி அவருக்கு மீண்டும் இடம் தரவில்லை. வேறு ஒருவரை நிறுத்தியும் காங்கிரஸ் அந்தத் தொகுதியை இழந்தது. வாக்குக் கணக்குப் பார்க்கும் அரசியலில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு வியப்பு.

பிறகு வந்தது 2018 ஆகஸ்ட். இடுக்கி நீர்த்தேக்கத்தில் செறுதோணி அணையின் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டன. அரபிக்கடல் சூடேறச் சூடேற, பல நாள் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்கிய 70 பேர் மாண்டனர். அவர்களில் பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து வேலை தேடிப் போன தமிழ்க் குடும்பத்தினர். அறிக்கையை ஏற்றிருந்தால் எல்லாம் தவிர்ந்திருக்கும் என்பது மிகை. மலைச்சரிவில் எதை எங்கே கட்டுவது என்ற பேச்சையாவது முன்பே தொடங்கியிருக்கலாம்.

தாமஸ் 2016இல் திருக்காக்கரை எம்.எல்.ஏ. ஆனார், 2021 டிசம்பர் 22 அன்று வேலூர் மருத்துவமனையில் காலமானார். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது. மறுநாள், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 56,800 சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்கும் அறிவிப்பை மத்திய அரசு வெளியிட்டது. அதுவும் வரைவுதான், ஆறாவது வரைவு.