காற்புள்ளியும் சார்பு வாக்கியமும்

மூச்சு நிற்குமிடத்திற் காற்புள்ளி இடுக என்பதே ஆங்கில வகுப்பில் நாம் கற்ற விதி. வாய்விட்டு வாசிக்க அது உதவியது. எழுதப் புகுந்தபோதோ பன்முறை நம்மை இடறச் செய்தது. மூச்சு ஆளுக்காள் வேறுபடும். பொருள் அவ்வாறு வேறுபடலாகாது.

தனித்து நில்லாது தலைமை வாக்கியத்தைச் சார்ந்து நிற்பது சார்பு வாக்கியம். தமிழில் 'மழை பெய்தால் வாரோம்' என எச்சம் முன்னும் முற்றுப் பின்னும் வரும். ஆங்கிலத்தில் 'இஃப்', 'வென்' முதலியவற்றால் தொடங்கும் சார்பு வாக்கியம் இரு பக்கத்தும் நிற்கும். முன்னின்றால் அதன் முடிவிற் காற்புள்ளி இடுதல் வழக்கு. பின்னின்றால் பெரும்பாலும் வேண்டுவதில்லை. இவ்வளவும் எளிது.

இடர்ப்பாடு வேறிடத்துள்ளது. 'கொழும்பில் வாழும் என் தமையனார் வந்தார்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கால், 'ஹூ' எனத் தொடங்கும் சார்பு வாக்கியம் தமையனாரைக் குறிக்கும் சொல்லுக்குப் பின் வரும். அதன் இருபுறமும் காற்புள்ளி இட்டால் தமையனார் ஒருவரே. கொழும்பு என்பது உடன்கூறிய செய்தி. இடாவிடின் தமையன்மார் பலர். அவருட் கொழும்பில் வாழ்பவரே வந்தவர். நம் பெயரெச்சம் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆதலின் ஆங்கிலத்திலும் அதனைக் காணாது விடுகின்றோம். சார்பு வாக்கியத்தை நீக்கிப் பார்க்க. எவரைக் குறித்தோம் என்பது அப்பொழுதும் தெளிவாயின் இரு குறியும் இடுக. ஒன்றை இட்டு மற்றொன்றை மறப்பது இரண்டையும் மறப்பதினும் கேடு.

இஃது இலக்கண ஆசிரியரின் வீண் பிடிவாதமன்று. கனடாவில் றொஜேர்ஸ், அலியன்ற் எனும் இரு கம்பனிகள், கம்பங்களில் வடம் கட்டுவது பற்றி 2002இல் ஓர் ஒப்பந்தம் செய்தன. அது ஐந்தாண்டு நிலவும், பின்னரும் ஐவைந்தாண்டாக நீளும், ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்து முடித்தாலன்றி என்பது அதன் வாசகம். 'அன்லெஸ்' எனத் தொடங்கும் அவ்விறுதிச் சார்பு வாக்கியத்தின் முன் ஒரு காற்புள்ளி இருந்தது. அஃதில்லையேல் முன்னறிவித்தல் விதி பின்வரும் நீட்டிப்புக்கு மட்டுமே உரியது. முதல் ஐந்தாண்டுக்கு ஆபத்தில்லை. றொஜேர்ஸ் அவ்வாறே எண்ணியிருந்தது. காற்புள்ளி இருந்தமையால் அவ்விதி இரண்டுக்கும் பொருந்துமென 2006இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு தீர்த்தது. பெருந்தொகைப் பணம் அக்குறியில் தொங்கிற்று.

2007இல் அதே ஆணைக்குழு, அவ்வொப்பந்த மாதிரியின் பிரெஞ்சுப் படியை நோக்கித் தன் தீர்ப்பை மாற்றியது. பிரெஞ்சு வாசகத்தில் அவ்வையத்துக்கு இடமிருக்கவில்லை.