வயலின் வகுப்பில் எதற்குப் பாட்டு?

கேள்வி: என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மகள் ஆறாம் வகுப்பு. ஒன்றரை வருஷமாக வயலின் கற்கிறாள். வகுப்பில் பாதி நேரம் வாத்தியார் வயலினைப் பெட்டியிலிருந்தே எடுக்கவிடுவதில்லை, பாடத்தான் சொல்கிறார். கேட்டால், “லால்குடி சார் வழி இது” என்கிறார். நாங்கள் பாட்டுக்கா ஃபீஸ் கட்டினோம்? பக்கத்து வீட்டுப் பையன் எட்டே மாதத்தில் கீபோர்டில் சினிமாப் பாட்டு வாசிக்கிறான். லால்குடி உண்மையிலேயே இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரா? வாத்தியாரை மாற்றிவிடலாமா? அக்கா மகன் வாசித்த பழைய வயலின்தான் இவளிடம் இருக்கிறது. கை வலிக்கிறது என்று வேறு சொல்கிறாள்.

— வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள் அம்மா. எப்போது மாற்றலாம் என்பதையும் சொல்கிறேன், அதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

கீபோர்டில் ‘ரி’ எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டாம். கட்டையை அழுத்தினால் சுருதி பிசகாமல் வரும். வீணையில்கூட மெட்டு உண்டு. வயலினில் அப்படி எதுவும் கிடையாது. வழவழவென்று ஒரு கறுப்புப் பலகை, மேலே நாலு தந்தி, அவ்வளவுதான். விரல் ஒரு நூல் தள்ளிப்போனாலும் அபஸ்வரம். விரலுக்கு இடம் காட்டுவது காது. அந்தக் காதில் ஸ்வரம் முன்கூட்டியே ஒலிக்க வேண்டும். ஒலிக்கிறதா என்று வாத்தியார் எப்படித் தெரிந்துகொள்வார்? பாடச் சொல்லித்தான். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஸ்வரம் சரியாக நின்றால் போதும்.

இது ஆரம்பக் காரணம்தான். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் பாட்டை வற்புறுத்தியதற்கு இதைவிட ஆழமான காரணம் இருந்தது.

1930 செப்டம்பர் 17-இல் பிறந்தவர் அவர். திருச்சிப் பக்கத்து லால்குடியில் தியாகராஜ சுவாமிகளின் சிஷ்யப் பரம்பரையில் வந்த குடும்பம். தியாகராஜர் அங்கே வந்து பாடிய ஐந்து கிருதிகளை ‘லால்குடி பஞ்சரத்னம்’ என்பார்கள். அப்பா கோபால ஐயர்தான் குரு. மிகவும் கண்டிப்பானவர். மகனுக்கு மட்டுமல்லாமல் மகள்களுக்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். அவர்களில் ஸ்ரீமதி பிரம்மானந்தம் பின்னாளில் அண்ணனோடு மேடையில் ஜோடியாக வாசித்தவர். ஜெயராமன் பக்கவாத்தியக்காரராக மேடை ஏறியபோது வயது பன்னிரண்டு. உங்கள் மகளைவிட ஒரு வயது கூட இருக்கலாம்!

அதற்குப் பிறகு மேடையே அவருக்குப் பள்ளிக்கூடம். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று பெரிய பாடகர்கள் எல்லோருக்கும் வாசித்தார். ஜி.என்.பி.யின் வேகம் வேறு, மதுரை மணி ஐயரின் ஸ்வரப் போக்கு வேறு. பாடகர் ஒரு சங்கதி போட்டால் அடுத்த நொடியில் அதையே வயலினில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாட்டைப் பாட்டாகவே அறிந்தவனுக்குத்தான் அது கைவரும். விரல் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்தவன் மேடையில் திணறுவான்.

‘லால்குடி பாணி’ என்று இன்று சொல்கிறோமே, அதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. வயலின் பாட வேண்டும், அதுவும் வார்த்தையோடு பாட வேண்டும் என்றார் அவர். உங்கள் மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் ‘திருவள்ளூர்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘திருவ’ வரை ஒரு வில், ‘ள்ளூர்’ என்று அடுத்த வில் போட்டால் ஸ்வரம் எல்லாம் சரியாக இருந்தும் கேட்பவருக்கு ஊர் தெரியாது. எந்த எழுத்தில் அழுத்தம், எந்த இடத்தில் மூச்சு, எங்கே வில் திரும்பலாம் என்பதெல்லாம் சாகித்தியம், அதாவது பாட்டின் வார்த்தைகள், தெரிந்தால்தான் தெரியும். அதனால் கிருதியை வாசிக்கும் முன் பாடத் தெரிந்திருக்க வேண்டும்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, இன்னொரு பெரிய விஷயம். தோடி ராகத்துக் காந்தாரத்தைப் புத்தகத்தில் ‘க’ என்று ஓர் எழுத்தாகப் போட்டுவிடலாம். பாடும்போது அது ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரமா? ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு அகலமாக என்று எந்தப் புத்தகமும் எழுதிக் காட்ட முடியாது. குரு பாட, சிஷ்யை கேட்டுத் திருப்பிப் பாட, பிறகு விரல் அதைத் தேடிப் பிடிக்க, இப்படித்தான் அது வந்து சேரும். நாம் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பதே இதற்கு வசதியாகத்தான். பிடித்துக்கொள்ளும் வேலை இல்லாததால் இடக்கை தந்தியில் தாராளமாக வழுக்கி ஓடலாம்.

லால்குடியின் சிஷ்யர் பட்டியலைப் பாருங்கள். மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமி, விட்டல் ராமமூர்த்தி எல்லாம் வயலின். ஆனால் பாம்பே ஜெயஸ்ரீ, சாகேதராமன், கதை சொல்லும் விசாகா ஹரி? மூவரும் வாயால் பாடிப் பேர் வாங்கியவர்கள். ஒரு வயலின்காரரிடம் போய்ப் பாட்டுக் கற்றார்கள்! உங்கள் வாத்தியார் சொன்னது கட்டுக்கதை இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1965-இல் எடின்பரோ விழாவில் லால்குடி வாசித்ததைக் கேட்டு மேற்கத்திய வயலின் மேதை யெஹூதி மெனுஹின் தன் இத்தாலிய வயலினையே பரிசாகக் கொடுத்தார் என்பார்கள். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பாடகர்கள்தான் பெரிய பரிசாகத் தோன்றுகிறார்கள்.

இது ஒன்றுதான் வழியா? இல்லை. பறவூர் சுந்தரம் ஐயரும் அவர் மகன் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் வேறு பாதையில் போனார்கள். ஒற்றைத் தந்தியிலேயே மேலும் கீழும் ஓடுகிற அசுர சாதகம் அவர்களுடையது. எம்.எஸ்.ஜி. இந்துஸ்தானி மேதை ஓம்காரநாத் தாக்கூருக்கும் வாசித்தவர். டி.என். கிருஷ்ணனின் நீளமான, கறையில்லாத வில் இன்னொரு அழகு. லால்குடி, எம்.எஸ்.ஜி., டி.என். கிருஷ்ணன் மூன்று பேரையும் வயலின் மும்மூர்த்திகள் என்றே அழைத்தோம். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் வீட்டில் பாட்டுச் சூழல் இல்லாவிட்டால், லால்குடி வழிதான் பத்திரம் என்பது என் கட்சி.

உங்கள் பக்கத்துச் சங்கதி ஒன்று. கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்ததே மணலி வழியாகத்தான் என்று சொல்லலாம். இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படும் அதே மணலிதான். அங்கே முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமஸ்வாமி தீட்சிதர் வாழ்ந்தார். அவருடைய கடைசி மகன், முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி, 1786-இல் பிறந்தவர். ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பிடிக்கக் கற்றுக்கொண்டார். அந்த ஐரோப்பியருக்குத் தோடியும் பைரவியும் எப்படித் தெரியும்? அதெல்லாம் பாலுஸ்வாமியிடம் குடும்பச் சொத்தாக முன்பே இருந்தது. தனக்குள் இருந்த பாட்டைத் தந்தியில் ஏற்றினார். உங்கள் மகளின் வாத்தியார் செய்யச் சொல்வதும் அதையேதான்.

இனி, எப்போது மாற்றலாம்? ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். பாடிய வரிசை அன்றைக்கே வயலினுக்கு வருகிறதா? வில் கோணாமல் போகிறதா, இடது மணிக்கட்டு மடங்கிச் சரிகிறதா என்று வாத்தியார் கவனித்துத் திருத்துகிறாரா? அவரும் கூடப் பாடிக் காட்டுகிறாரா? மூன்றும் நடந்தால் விட்டுவிடாதீர்கள். பிள்ளையைப் பாடவிட்டுவிட்டு அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், லால்குடி பெயரைச் சொன்னாலும் சரி, வேறு ஆளைப் பாருங்கள். கை நீட்டி அடித்தால் அன்றே நிறுத்துங்கள். கோபால ஐயர் காலத்துக் கண்டிப்பை இன்று யாரும் காப்பியடிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும்போது மகள் தம்பூரா ஆப்பைச் சன்னமாக வைத்து ஸ்வரம் பாடட்டும். அதுவும் சாதகம்தான். வாசித்தே ஆக வேண்டும் என்றால் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் மாட்டுகிற ரப்பர் மியூட் கடைகளில் கிடைக்கிறது.

உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தப் பழைய வயலின். அக்கா மகன் வாசித்தது பெரியவர்கள் சைஸாக இருக்கலாம். வயலினை இடது தோளில் வைத்து, அவள் கையை முழுக்க நீட்டச் சொல்லுங்கள். சுருள் தலை உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். விரல்களையும் தாண்டி வெளியே போனால் கை வலிக்கத்தான் செய்யும், சுருதியும் சேராது. வாத்தியாரிடம் காட்டி முக்கால் சைஸ் போதுமா, அரை சைஸ் வேண்டுமா என்று கேளுங்கள். வளர்ந்த பிள்ளைகள் விட்டுவிட்டதாக அவர் மாணவர் வீடுகளிலேயே ஒன்று சும்மா கிடக்கலாம். புதிது வாங்கும் முன் அதை விசாரியுங்கள்.