எழுபத்தேழும் மருதமுனைத் தறியும்

அம்பாறை மாவட்டத்துச் சவளக்கடைத் தேநீர்க்கடையில் நெல் விலைப் பேச்சு எழும்பினால், அது ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்த எழுபத்தேழில் போய்த்தான் நிற்கும். அதற்கு முன் ஆண்ட சிறிமா பண்டாரநாயக்கவின் மூடிய பொருளாதாரம் நல்லதா, ஜே.ஆரின் திறந்த பொருளாதாரம் நல்லதா? இரண்டு கட்சிக்காரரும் அடித்துச் சொல்லும் சில கதைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: நாட்டின் பெயரில் உள்ள 'சோசலிச' சிறிமா காலத்து மிச்சம்.

உண்மை: 1972 யாப்பு நாட்டைக் குடியரசாக்கியது, ஆனால் பெயரில் 'சோசலிச' சேர்க்கவில்லை. 'ஜனநாயக சோசலிச' என்ற அடைமொழி 1978 யாப்பில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் சந்தையைத் திறந்துவிட்ட அதே ஜே.ஆர்.

நம்பிக்கை: பக்கத்துக் கரையோர ஊரான மருதமுனையின் கைத்தறி நொடித்தது நெசவாளர் காலத்தோடு மாறாததால்.

உண்மை: 1977 வரை இறக்குமதித் துணிக்குக் கட்டுப்பாடு இருந்தது. தறியிலிருந்து இறங்கிய சாரனையும் சேலையையும் வாங்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு வெளிநாட்டுத் துணி ஒரேயடியாக வந்து இறங்கியது, பழகிக்கொள்ள அவகாசமில்லை. கம்யூனிச ஆட்சி விழுந்த கிழக்கு ஜெர்மனியிலும் இதுவே நடந்தது. 1990 ஜூலை 1இல் மேற்கின் நாணயம் வந்தது; சம்பளம் ஒன்றுக்கு ஒன்றாக மாறியது; போட்டிக்கு நிற்க முடியாமல் தொழிற்சாலைகள் சாய்ந்தன. ஆனால் அங்கே மேற்கு ஜெர்மனி வீதிக்கும் ஓய்வூதியத்துக்கும் காசைக் கொட்டியது. இங்கே முதல் சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவுக்குப் போனது. மருதமுனைக்கு வந்தது யுத்தம். 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடலும் வந்தது. அதற்குப் பிறகும் அங்கே தறிச் சத்தம் ஓயவில்லை.

நம்பிக்கை: பெரிய துறைமுகம் வந்தால் கரையோரம் முழுக்கப் பிழைத்துக்கொள்ளும்.

உண்மை: டென்மார்க் கடனில் கட்டிய ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அலைதடுப்புக் கற்கள் கரையோரமாக நகரும் மணலை மறித்தன. தென்பக்கம் மணல் குவிந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது, தென்னைகள் வேரோடு சரிந்தன. துறைமுக வாய் மணலால் அடைபட, மீன்பிடிப் படகுகளும் உள்ளே வர முடியாமல் தவித்தன.

நம்பிக்கை: அரசு நெல் விலையை அறிவித்தால் விவசாயிக்கு அந்த விலை கிடைக்கும்.

உண்மை: நெல் சந்தைப்படுத்தும் சபையின் முழு விலை ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டாத நெல்லுக்குத்தான். மெஷினால் வெட்டிய வெள்ளாமை ஈரத்தோடு வருகிறது. காயப்போடக் களமில்லாதவர் தார்வீதி ஓரத்தில் பரப்புகிறார். கடன்காரன் வாசலில் நின்றால் அதற்கும் பொறுதியில்லை. வயலிலேயே பச்சை நெல்லைத் தனியாருக்குக் குறைத்துக் கொடுத்துவிடுகிறார்.

மூடியபோதும் திறந்தபோதும் முடிவு கொழும்பில்தான் எடுக்கப்பட்டது. அதனால் அடுத்த முறை தேநீர்க்கடையில் எழுபத்தேழை இழுப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாரி வெள்ளத்தில் சவளக்கடைக்கு வரும் வழியிலுள்ள கிட்டங்கித் தாம்போதி மூழ்காமலிருக்க என்ன வழி? நெல் காயவைக்கக் களம் எங்கே?