விலா எலும்பும் நம்மூர்க் கிழங்கும்: சூப் வைக்கப் பழகுவோருக்கு

மக்களே, பாறசாலையிலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் பன்றி இறைச்சி வாங்கினால் வறுத்தெடுப்போம்; இல்லையென்றால் மசாலா அரைத்துக் குழம்பு வைப்போம். தென்சீனத்துக் குவாங்டோங் வீடுகளில் அதன் விலா எலும்பைக் கிழங்கோடு சிறுதீயில் வேகவைத்து, தெளிந்த சூப்பாகக் குடிக்கிறார்கள். ஹூபேய் மாகாணத்தில் தாமரைக் கிழங்கு சேர்ப்பார்கள். நமக்கு மார்கழியிலும் தையிலும் காச்சிலும் சேம்பும் தோட்டத்திலேயே கிடைக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு இறைச்சி வாங்கும்போது இந்தப் பக்குவத்தையும் பழகிக்கொள்ளுங்கள்.

1. நாலு பேருக்கு அரைக் கிலோ விலா எலும்பு போதும். விரல் நீளத் துண்டுகளாகக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். சதை கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். கட்டிக் கொழுப்பை அரிந்து நீக்குங்கள்.

2. முதல் கொதியை வீணென்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றி, கொதி வந்தபின் ஐந்து நிமிடம் விடுங்கள். ரத்தமும் அழுக்கும் நுரையாக மேலே வரும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, துண்டுகளை நன்றாகக் கழுவுங்கள். கவிச்சி போவதும் சூப் தெளிவதும் இதனால்தான்.

3. கழுவிய எலும்பில் இரண்டு லிட்டர் சுடுதண்ணீர் ஊற்றி, தட்டிய இஞ்சி ஒரு துண்டு போடுங்கள். கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடிவைத்து ஒன்றரை மணி நேரம் விடுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நீரோடு கலந்து கலங்கிவிடும். மெல்லக் குமிழி வந்தால் போதும். பன்றி இறைச்சி அரைவேக்காடாக இருக்கவே கூடாது, நாடாப்புழு ஆபத்து உண்டு. சதை எலும்பை விட்டுக் கழன்று வர வேண்டும்.

4. கிழங்குகளில் முதலிடம் காச்சிலுக்கு. சீனர்கள் சூப்பில் போடும் கிழங்கும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். தோலைத் தடிப்பாகச் சீவி, பெரிய துண்டுகளாக நறுக்கி, கடைசி அரை மணி நேரத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும். இனிப்புக்குக் காரட் ஒன்று சேர்க்கலாம். நடுவதற்கு நல்ல காச்சில் வேண்டுமென்றால், ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ கீர்த்தி போன்ற ரகங்களை உருவாக்கியிருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

5. சேம்பு சேர்த்தால் சூப் கொழகொழப்பாகும். அதுவும் நல்ல ருசிதான். ஆனால் சேம்பிலும் சேனையிலும் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் தொண்டை அரிக்கும். கையில் எண்ணெய் தடவித் தோல் சீவுங்கள். தனியாக ஒரு கொதி வேகவைத்து, நீரை வடித்தபின் சூப்பில் போட்டு முழுக்க வேகவிடுங்கள்.

6. மரச்சீனியைப் பச்சையாகச் சூப்பில் போடாதீர்கள். விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் திருவிதாங்கூரில் பரப்பிய பயிர் அது. 1942இல் பர்மா அரிசி நின்றபோது நம் மக்களின் வயிற்றை நிறைத்ததும் அதுவே. ஆனால் அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலுரித்து, நிறையத் தண்ணீரில் திறந்து வேகவைத்து, வடித்துக் கொட்ட வேண்டும். சூப்பில் அந்த நீரை வடிக்க வழியில்லை. தனியே அவித்துத் தொட்டுக்கொள்ளுங்கள்.

7. மல்லி, வற்றல், கரம்மசாலா, தேங்காய் எதுவும் வேண்டாம். எலும்பும் கிழங்கும் தரும் ருசியை மசாலா மூடிவிடும். இறக்கும்போது நல்லமிளகு நாலைந்தைத் தட்டிப் போட்டால் போதும்.

8. உப்பைக் கடைசியில் போடுங்கள். நேரம் ஆக ஆக நீர் வற்றும். முதலிலேயே போட்ட உப்பு அதனால் கூடிப்போகும்.

9. மேலே மிதக்கும் நெய்யைக் கரண்டியால் வழித்தெடுத்து, சூட்டோடு முதலில் சூப்பைக் குடியுங்கள். பிறகு இறைச்சியையும் கிழங்கையும் சோற்றோடு சாப்பிடலாம்.

அவசரக்காரர்களுக்கு இந்தச் சமையல் வராது; பொறுமையாக நிற்பவர்களுக்குத் தப்பாது. இந்த மார்கழியில் மசாலா டப்பாவைத் திறக்காமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள், மக்களே. நம் காச்சிலுக்கு இத்தனை ருசி உண்டென்று அப்போது தெரியும்.