மேடையில் ஒரு கீபோர்டு, ஒரு லேப்டாப், ஒரே ஆள்!

கீபோர்டு என்றதும் டைப் அடிக்கும் கீபோர்டுதான் உங்கள் நினைவுக்கு வரும். இங்கே நாம் பார்க்கப் போவது வாசிக்கும் கீபோர்டு. தர்மபுரி மாவட்டத்தில் மாரியம்மன் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் தனி ஆளாக கீபோர்டு வாசிக்கும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. நான் சாப்ட்வேர் வேலையில் இருப்பதால், புதிதாக லேப்டாப் வாங்கியதும் அதை கீபோர்டுடன் இணைத்துத் தரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்களுக்குச் செய்து தருவதைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

குழுவாக வாசிக்கும்போது ஒரு கருவி நின்றால் மற்றவர்கள் சமாளித்து விடுவார்கள். தனி ஆளுக்கு அந்த வசதி கிடையாது. சத்தம் நின்றால் கச்சேரியே நின்றுவிடும். எனவே ஒவ்வொரு ஒயரைச் சொருகும்போதும், "இது நின்றால் அடுத்து எது ஒலிக்கும்?" என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

மிடி என்பது என்ன?

கீபோர்டிலிருந்து லேப்டாப்புக்குப் போவது ஒலி அல்ல, எண்கள். எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதை 0 முதல் 127 வரையிலான எண்களாக அனுப்பும் முறைக்கு மிடி என்று பெயர். 1983-ல் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பிராபெட்-600 கருவியையும் ஜப்பானின் ரோலண்ட் ஜூபிடர்-6 கருவியையும் இணைத்து இதைச் செய்து காட்டினார்கள். அந்த எண்களை வாங்கி பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று ஒலியாக்குவது லேப்டாப்பில் உள்ள சாப்ட்வேர்.

இணைப்பது எப்படி?

கீபோர்டின் பின்பக்கம் 'யூஎஸ்பி டு ஹோஸ்ட்' என்ற சதுர வடிவ போர்ட் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான பிரிண்டர்களுக்குப் பயன்படும் அதே கேபிள் இதற்கும் பொருந்தும். சில மாடல்களுக்குத் தயாரிப்பாளரின் வெப்சைட்டிலிருந்து டிரைவரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

அடுத்து, ரீப்பர் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யுங்கள். 60 நாட்கள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதில் பிரிபரன்சஸ் விண்டோவைத் திறந்து, மிடி பகுதியில் உங்கள் கீபோர்டை எனேபிள் செய்யுங்கள். பின் இன்சர்ட் மெனுவில் 'விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் ஆன் நியூ டிராக்' என்பதைக் கிளிக் செய்து, உங்களிடம் உள்ள இசைக்கருவி ப்ளகினைத் தேர்ந்தெடுங்கள். கட்டையை அழுத்தினால் லேப்டாப் ஒலிக்கும்.

தாமதத்தைக் குறையுங்கள்

அழுத்தியதும் ஒலி சற்றுத் தாமதமாக வருகிறதா? கம்ப்யூட்டர் ஒலியை வினாடிக்கு 44,100 துண்டுகளாகக் கணக்கிடுகிறது. துண்டுகளைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்தான் பபர். பபரில் 1,024 துண்டுகள் என்றால் சுமார் 23 மில்லி செகண்ட் தாமதம். 512 என்றால் 12. 256 என்றால் 6. ஒலி காற்றில் ஒரு மீட்டர் தூரம் கடக்கவே சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். ஆகவே 6 மில்லி செகண்ட் என்பது 2 மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போலத்தான், விரல்களுக்குத் தெரியாது.

விண்டோஸில் இதைக் குறைக்க அசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை இன்ஸ்டால் செய்து, ரீப்பரின் ஆடியோ டிவைஸ் பகுதியில் 'அசியோ' என்று மாற்றுங்கள். பபரை 256-ல் வையுங்கள். பட் பட் என்று வெடிக்கும் சத்தம் கேட்டால் 512-க்குப் போங்கள். மேடையில் தாமதத்தைவிட அந்த வெடிப்புச் சத்தம் மோசமானது.

கமகம் வாசிப்பவர்களுக்கு

கர்நாடக இசையையே கீபோர்டில் தனிக் கச்சேரியாக வாசித்துப் புகழ் பெற்றவர் கே. சத்யநாராயணன். ஸ்வரங்களை அசைத்து வாசிக்க உதவுவது பிட்ச் பெண்ட் வீல். மிடியில் இதற்கு 16,384 படிகள் உண்டு. அதனால்தான் ஒலி வழுக்கிக் கொண்டு போகிறது. வீலை முழுதும் தள்ளினால் எத்தனை அரைஸ்வரம் நகர வேண்டும் என்பதை கீபோர்டிலும் ப்ளகினிலும் ஒரே அளவாக வையுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென மாற நேர்ந்தால் ஸ்வரம் பிசகாது.

இரண்டு வழி வையுங்கள்

இதுதான் மிக முக்கியம். லேப்டாப்பின் ஆடியோ ஒயரை மிக்சரில் ஒரு சேனலிலும், கீபோர்டின் சொந்த அவுட்புட்டை இன்னொரு சேனலிலும் கொடுங்கள். கீபோர்டு சேனலின் வால்யூமை முழுவதும் குறைத்து வையுங்கள். லேப்டாப் ஹேங் ஆனால், அந்த வால்யூமை ஏற்றினால் போதும். கீபோர்டின் சொந்த ஒலி உடனே வந்துவிடும். தாளத்துக்கு அதிலுள்ள ஸ்டார்ட் பட்டனைத் தட்டுங்கள். இதற்கு மிக்சர் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கரண்ட் போனால்?

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை ஸ்பீக்கர்கள் எப்படியும் மவுனம்தான். லேப்டாப் பேட்டரியில் ஓடும். கீபோர்டு ஆப் ஆகி, நீங்கள் அமைத்த செட்டிங்குகள் போய்விடலாம். கீபோர்டையும் மிக்சரையும் ஒரு சிறிய யுபிஎஸ்-ல் இணைத்தால் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆம்ப்ளிபயரை அதில் இணைக்காதீர்கள், தாங்காது.

ஸ்பீக்கரில் 'உம்' என்ற இரைச்சல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் பிரச்சினை. லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே கிரவுண்ட் லிப்ட் ஸ்விட்ச் உள்ள டிஐ பாக்ஸ் வைத்தால் சரியாகும்.

மேடை ஏறும் முன்

• விண்டோஸ் அப்டேட்டை பாஸ் செய்யுங்கள்.
• ஏரோபிளேன் மோடை ஆன் செய்யுங்கள்.
• கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் பகுதிக்குப் போய் 'நோ சவுண்ட்ஸ்' தேர்ந்தெடுங்கள்.
• ஸ்லீப் ஆவதை 'நெவர்' என்று மாற்றுங்கள்.
• சித்திரை வெயிலில் லேப்டாப்பைத் துணி விரித்த மேசையில் வைக்காதீர்கள். காற்றுத் துளைகள் அடைபடும்.

எல்லாம் முடிந்ததும் வீட்டில் ஒரு ஒத்திகை பாருங்கள். பாட்டின் நடுவே, நண்பர் ஒருவரை விட்டு லேப்டாப்பின் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வினாடிகளில் பாட்டை மீட்டுவிட்டீர்கள் என்றால் நீங்கள் திருவிழா மேடைக்குத் தயார்!