கணைக்கால் எலும்பை உறுதியாக்கும் வழி

சப்பாத்திக் கட்டையைக் கணைக்காலில் அழுத்தி உருட்டாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலால் தட்டாதீர்கள். இரும்புக் குழாய், மூங்கில் கழி எதுவும் வேண்டாம். கிக் பாக்ஸிங் வகுப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்த யோசனைகளெல்லாம் பிள்ளைகளின் காதுக்கு வந்துவிடுகின்றன. இப்படிச் செய்தால் நரம்பு செத்து வலி நின்றுவிடும் என்று முன்பே சேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். பயிற்சி தருகிற எனக்கு மிகவும் கவலை தரும் பேச்சு இது. எலும்பில் விரிசல் விழத் தொடங்கும்போது உங்களைத் தடுத்து நிறுத்த வலி ஒன்றுதான் இருக்கிறது. அதை மரத்துப்போகச் செய்துவிட்டால், எலும்பு முறிந்த பிறகுதான் விஷயமே தெரியவரும்.

கணைக்காலில் இரண்டு எலும்புகள். எடையைத் தாங்கும் பெரிய எலும்பின் முன்புறத்தைத் தடவிப் பாருங்கள். உள்பக்கச் சரிவில் தசையே இருக்காது. தோல், அதற்குக் கீழே எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை, பிறகு எலும்பு. அந்த உறையில் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் நிறைந்திருப்பதால்தான் கட்டில் காலில் இடித்துக்கொண்டால் கண்ணில் நீர் வருகிறது. கட்டையை உருட்டும்போது நசுங்குவது இந்த உறைதான். உறை வீங்கும், ரத்தம் கட்டும், எலும்பின் மேல் கட்டி கட்டியாகத் தடிப்பு வரும். அந்தத் தடிப்பைத் தொட்டுப் பார்த்து எலும்பு பலப்பட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். எலும்புக்குள் எதுவும் மாறியிருக்காது.

எலும்பு பலப்பட அதன்மேல் பாரம் விழ வேண்டும். அந்தப் பாரத்தில் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைய வேண்டும். தாங்கும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு நூலே எழுதினார். நெடுநாள் டென்னிஸ் ஆடியவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது எக்ஸ்ரேயிலேயே தெரியும். ஆனால் இந்த வேலை மெதுவாக நடக்கிறது. தேய்ந்த பகுதியை உடல் முதலில் அரித்து எடுக்கிறது. புது எலும்பைப் பிறகுதான் படிய வைக்கிறது. ஓர் இடத்தில் இது ஒருமுறை நடந்து முடிய மூன்று, நான்கு மாதம் ஆகும். படிந்த எலும்பு முழுக் கெட்டியாக இன்னும் பல மாதம் வேண்டும்.

அரிப்பு முன்னால், நிரப்பல் பின்னால் என்பதைக் கவனியுங்கள். திடீரென்று உதைகளைக் கூட்டிய சில வாரங்களில் எலும்பு வழக்கத்தைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் அப்போதுதான் விழுகின்றன. ‘முப்பது நாளில் இரும்புக் கால்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால், அந்த முப்பது நாள்தான் உங்கள் காலுக்கு மிக ஆபத்தான காலம். அதற்குள் வலி குறைந்திருக்கலாம். உடல் அந்த உணர்வுக்குப் பழகியிருக்கும், உதையும் சரியான இடத்தில் விழத் தொடங்கியிருக்கும். எலும்பு இன்னும் பாதி வழியில் இருக்கும்.

முதலில் பையைத் தேர்ந்தெடுங்கள். பஞ்சிங் பேக்கின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உள்ளே போகாவிட்டால் அங்கே உதைக்காதீர்கள். மணல் நிரப்பிய பைகளில் மணல் நாளாக ஆகக் கீழே இறங்கிக் கல்லாகிவிடும். துணித் துண்டுகளைத் திணித்த நீளமான பை நல்லது. துணியும் கீழே இறுகத்தான் செய்யும், அதனால் தொடக்கத்தில் பையின் நடுப்பகுதியிலேயே உதையுங்கள்.

அடுத்து உதை விழும் இடம். இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். புறங்காலால் உதைக்கக் கூடாது. அங்கே இருப்பவை சிறு சிறு எலும்புகள். கணுக்காலுக்குச் சற்று மேலேயும் வேண்டாம். கணைக்கால் எலும்பு கீழே போகப் போகக் குறுகி, கீழ் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் இடத்தில் மிக ஒல்லியாகிறது. அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. முறிந்தால் கூடுவதற்கு நாளாகும். பையில் படவேண்டியது கணைக்காலின் நடுப்பகுதி. அது படவேண்டுமென்றால் நீங்கள் இன்னும் அரை அடி நெருங்கி நிற்க வேண்டியிருக்கும். தூரத்தில் நின்று எட்டி உதைப்பவருக்குப் புறங்கால்தான் படும். நிற்கும் காலின் முன்பாதத்தில் சுழன்று, குதிகால் பையை நோக்கித் திரும்பும்வரை இடுப்பை முழுதாகத் திருப்புங்கள்.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒரு காலுக்கு இருபது, முப்பது உதை, பாதி வேகத்தில். இரண்டு பயிற்சிக்கு நடுவே குறைந்தது ஒருநாள் இடைவெளி. ஒரே மூச்சில் நூறு உதைப்பதைவிட, இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உதைப்பதே எலும்புக்கு நல்லது. எலும்புச் செல்கள் சில பத்து முறை பாரம் விழுந்ததும் அதை உணர்வதில் சோர்ந்துவிடுகின்றன. ஓய்வுக்குப் பிறகுதான் மறுபடி விழிக்கின்றன. பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது வேகத்தைக் கூட்டலாம். ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்டாதீர்கள். முந்தைய பயிற்சியின் நோவு அடுத்த பயிற்சிக்குள் போகவில்லையென்றால் அன்று கையடி மட்டும் பழகுங்கள். கூடவே ஸ்கிப்பிங், ஸ்குவாட். குதிப்பதும் பாரம் தூக்குவதும் கணைக்கால் எலும்புக்கு நல்ல வேலை கொடுக்கின்றன.

தாய்லாந்து வீரர்கள் மரத்தை உதைக்கிறார்களே என்று கேட்பார்கள். அந்நாட்டு வீரர் புவாகாவ் வாழையை உதைத்து வீழ்த்தும் வீடியோவைப் பார்க்காத பிள்ளை இல்லை. வாழையின் தண்டு மரமே அல்ல. மட்டை மேல் மட்டையாகச் சுற்றிய, நீர் நிறைந்த தண்டு அது. நம் கொல்லையில் ஒரு வாழையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இறுகிய பையைவிட அது மெத்தென்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தென்னையையும் வேம்பையும் உதைக்கும் பையன்களைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வீரர்கள் பலர் ஏழெட்டு வயதில் முவாய் தாய் பழகத் தொடங்கியவர்கள். அவர்கள் காலை உருவாக்கியது பத்துப் பதினைந்து வருடம் நாள்தோறும் உதைத்த பையும் பேடும்.

அத்தனை வருடப் பயிற்சியும் ஒரு தவறான உதையில் பயனற்றுப் போகலாம். 2013 டிசம்பர் 28, லாஸ் வேகாஸில் ஒரு யுஎஃப்சி சண்டை. ஆண்டர்சன் சில்வா எதிராளியின் காலைக் குறிவைத்துத் தாழ்வாக ஓங்கி உதைத்தார். எதிராளி கிறிஸ் வைட்மேன் முழங்காலைத் தூக்கித் தடுத்தார். சில்வாவின் கணைக்காலில் இரண்டு எலும்பும் முறிந்தன. உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர், வாழ்நாள் முழுக்க உதைத்தவர். 2021 ஏப்ரலில் அதே வைட்மேன் யூரையா ஹாலை உதைத்தார், ஹால் தடுத்தார், 17 நொடியில் சண்டை முடிந்தது. இம்முறை முறிந்தது வைட்மேனின் கால். இரண்டு முறையும் உதைத்தவரின் எலும்பின் ஒல்லியான கீழ்ப்பகுதி, தடுத்தவரின் முழங்காலை ஒட்டிய கெட்டியான மேல்பகுதியில் போய் மோதியது. எதிராளி காலைத் தூக்கப்போகிறாரா என்று பார்க்காமல், கையடியால் அவர் கவனத்தைத் திருப்பாமல், வெறும் உதையை மட்டும் ஓங்கி விடாதீர்கள்.

தைலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்லாந்தின் நம்மான் முவாய் உட்பட இவ்வகைத் தைலங்களில் இருப்பவை மெத்தில் சாலிசிலேட், மெந்தால் போன்றவை. தோல் சூடேறும், நோவு மட்டுப்படும், எலும்புக்கு ஒன்றும் ஆகாது. தோல் கிழிந்த இடத்தில் தடவாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இருக்கும் வலியை மறைத்துக்கொண்டு உதைப்பதற்காகத் தடவுவது மிகத் தவறு.

அடிபட்டு ரத்தம் கட்டினால் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சூடான எண்ணெய் போட்டு நீவக் கூடாது. உள்ளே கசிவு கூடும். பாட்டி நல்லெண்ணத்தோடுதான் நீவ வருவார், பணிவாக மறுத்துவிடுங்கள். கால் கல்போல் இறுகி, அடிக்குப் பொருந்தாத அளவு வலித்து, விரலை அசைத்தாலே உயிர் போகிறது, பாதம் மரத்துப்போகிறது என்றால் அது அவசர நிலை. தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கிறது என்று பொருள். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அந்தக் காலுக்கு இறுக்கமான கட்டுப் போட விடாதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெதுவாக வரும் ஆபத்து மயிரிழை விரிசல். நோவு கணைக்கால் நெடுகப் பரவியிருந்தால் பெரும்பாலும் ஓய்வில் போய்விடும். ஒரு விரல் வைக்கும் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், அந்தக் காலில் நொண்டியடித்தால் வலித்தால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், உதைப்பதையும் ஓடுவதையும் அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சாதாரணம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று திரும்பி வந்து உதைக்காதீர்கள். வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

சாப்பாடு சுருக்கமாக. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கேழ்வரகு, பால், தயிர், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி இதற்கு உதவும். வைட்டமின் டி குறைவு நம் ஊர் வெயிலிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது. சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்கும் வாரங்களில் கடுமையாக உதைக்க வேண்டாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால், போதிய உணவு இல்லாமல் எலும்பும் இளைக்கிறது என்பதற்கான அறிகுறியாக அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

உடல் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக எந்த எலும்புப் பயிற்சியும் கொடுக்காதீர்கள். மெத்தென்ற பையில் உதைக்கும் முறையைப் பழகினால் போதும். ஸ்பாரிங் எனும் சண்டைப் பயிற்சி என்றால் வயது எதுவானாலும் ஷின் கார்டு எனும் கணைக்கால் கவசம் கட்டாயம். உதையைத் தடுக்கப் பழகும்போதும் இருவரும் அதைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தொடுவதுபோல் மட்டும் உதைக்க, மற்றவர் முழங்காலைத் தூக்கிக் கணைக்காலின் மேல்பகுதியில் வாங்கப் பழகட்டும். ஜோடி சேரும்போது எடையைப் பார்ப்பதோடு, தன் வேகத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவரா என்றும் பாருங்கள். சொன்ன பிறகும் ஓங்கி உதைப்பவரோடு அந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள்.