சொற்கணக்கு: வாசிப்பிலிருந்து விடை வரை

வாக்கியங்களுக்குள் பொதிந்து தரப்படும் கணக்குக்குச் சொற்கணக்கு என்று பெயர். 600ஐ 25ஆல் வகுக்கச் சொன்னால் தயங்காமல் வகுக்கும் ஐந்தாம் வகுப்பு மாணவி, அதே வகுத்தல் தக்காளி விலையாக வந்து நின்றால் பென்சிலைக் கடிக்கத் தொடங்குகிறாள். வகுத்தல் அவளுக்குத் தெரியும். எதை எதனால் வகுப்பது என்பதைச் சொல்லும் வாக்கியத்தைப் பிரித்துப் படிக்கத்தான் இன்னும் பழகவில்லை. ஆகவே சொற்கணக்கைக் கற்பிக்கும்போது பெரும்பகுதி நேரத்தை வாசிப்புக்கே ஒதுக்குவது சரி. கூட்டிக் கழிப்பது அதன் பிறகு வரும் சிறு வேலை.

வாசிக்காமலே கணக்குப் போடும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1980ஐ ஒட்டி நடந்த சோதனை ஒன்று புகழ்பெற்ற சான்று. ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருந்தால் கப்பல் தலைவரின் வயது என்ன என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 97 பேரில் 76 பேர், கொடுத்த எண்களை வைத்து ஏதோ ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 26ஐயும் 10ஐயும் கூட்டினால் 36 வருகிறது. ஒரு தலைவருக்குப் பொருத்தமான வயதாகவும் தெரிகிறது. அந்தப் பிள்ளைகளின் அறிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்குப் பாடத்தில் எண்களைப் பார்த்தால் உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர்கள் பழக்கப்பட்டிருந்தார்கள்.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போலியா, 1945இல் வெளியான ‘ஹௌ டு சால்வ் இட்’ என்ற நூலில் எந்தக் கணக்குக்கும் நான்கு நிலைகளைச் சொன்னார்: கணக்கைப் புரிந்துகொள்ளுதல், வழியை வகுத்தல், அந்த வழியில் செய்தல், திரும்பிப் பார்த்தல். கீழே உள்ள வரிசையும் அதைத் தழுவியதே. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் இடறுவது முதல் நிலையிலும் கடைசி நிலையிலும்தான் என்பதால் அவையே இங்கே அதிக இடம் பெறுகின்றன.

எண்களை மறைத்து முதல் வாசிப்பு

முதல் முறை படிக்கும்போது எண்கள் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. எண் வரும் இடத்தில் ‘சில’, ‘கொஞ்சம்’, ‘இவ்வளவு’ என்று போட்டுக் கணக்கைக் கதையாகச் சொல்ல வேண்டும். ‘ஒரு வியாபாரி கொஞ்சம் தக்காளி வாங்குகிறார், சில கிலோ கெட்டுவிடுகிறது, மீதியை விற்கிறார், அவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள்.’ இவ்வளவைத் தன் பேச்சுத் தமிழில் சொல்ல முடிந்த மாணவர் கணக்கின் வாசலைத் தாண்டிவிட்டார். சொல்ல முடியாதவர் எழுதுகோலை எடுப்பதில் பயனில்லை. மறுபடி படிப்பதுதான் குறுக்குவழி.

தமிழில் கேள்வி பெரும்பாலும் கடைசிச் சொற்களில் இருக்கும். ஆகவே இரண்டாம் வாசிப்பைக் கடைசியிலிருந்து தொடங்கலாம். ‘இலாபம் எவ்வளவு?’, ‘இன்னும் எத்தனை தேவை?’, ‘ஒருவருக்கு எவ்வளவு?’ ஆகியவற்றில் எது கேட்கப்படுகிறது என்று அடிக்கோடிட்டு, விடையின் அலகையும் (ரூபாய், கிலோ, நாள், ஆள்) ஓரத்தில் குறித்துக்கொண்டால் பாதி வழியில் நின்றுவிடும் பிழை குறையும்.

நீண்ட வாக்கியத்தை உடைத்தல்

தமிழ்ப் பாடநூல் கணக்குகளில் எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டு ஒரே வாக்கியமாக வரும். ஒரு மாதிரி:

‘கிலோ 24 ரூபாய் வீதம் 25 கிலோ தக்காளி வாங்கிய வியாபாரி ஒருவர், வண்டிக்கூலியாக 100 ரூபாய் கொடுத்து, கெட்டுப்போன 5 கிலோவை நீக்கிவிட்டு, மீதியைக் கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் அவருக்குக் கிடைத்த இலாபம் எவ்வளவு?’

இதில் நான்கு நிகழ்ச்சிகள் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ‘வாங்கிய’, ‘கொடுத்து’, ‘நீக்கிவிட்டு’, ‘விற்றால்’ என்ற இடங்களில் வெட்டித் தனித்தனி வாக்கியங்களாக எழுத வேண்டும்:

வியாபாரி 25 கிலோ தக்காளி வாங்கினார். ஒரு கிலோ 24 ரூபாய்.
வண்டிக்கூலி 100 ரூபாய் கொடுத்தார்.
5 கிலோ கெட்டுப்போனது. அதை நீக்கினார்.
மீதியை விற்றார். ஒரு கிலோ 40 ரூபாய்.

இப்போது ஒவ்வொரு வரியும் ஒரு சிறு கணக்கு. வாங்கியதற்கு 25 × 24 = 600 ரூபாய்; கூலியோடு சேர்த்து 700. விற்றது 25 − 5 = 20 கிலோ; கிடைத்தது 20 × 40 = 800 ரூபாய். இலாபம் 100 ரூபாய். உடைக்காமல் போடுபவர் 25 கிலோவும் விற்றதாக எண்ணி 1000 ரூபாய் கிடைத்தது என்பார், அல்லது வண்டிக்கூலியை மறந்து 200 ரூபாய் இலாபம் என்பார். இரண்டிலும் பெருக்கலில் தவறு இல்லை.

உருபும் சிறு சொல்லும்

எண்ணைவிட அதோடு ஒட்டிவரும் உருபு முக்கியமான செய்தியைச் சொல்வதுண்டு. ‘8ஐ 15இலிருந்து கழி’ என்றால் காதில் முதலில் விழுவது 8. பிள்ளை 8 − 15 என்று எழுதிவிடுகிறது. ‘இலிருந்து’ ஒட்டிய எண்தான் முதலில் எழுதப்பட வேண்டும். அதேபோல் ‘5ஆல் 40ஐ வகு’ என்பதில் வகுபடுவது ‘ஐ’ ஒட்டிய 40, வகுப்பது ‘ஆல்’ ஒட்டிய 5. இலக்கண வகுப்பில் படித்த வேற்றுமை உருபுகள் உண்மையாகவே பயன்படும் இடம் இது. கணக்காசிரியர் அதைச் சொல்லிக் காட்டுவது நல்லது.

‘தலா’, ‘வீதம்’, ‘ஆளுக்கு’ என்பவை ஒன்றுக்கு இவ்வளவு என்று சொல்கின்றன. ‘தலா 3 பென்சில்’ என்பதை மொத்தம் 3 பென்சில் என்று படித்தால் கணக்கே வேறாகிவிடும். தம்பிக்கு 4 வயது எனில், அண்ணன் ‘3 வயது மூத்தவன்’ என்றால் 7. ‘3 மடங்கு வயதுடையவன்’ என்றால் 12.

பின்னத்திலும் சதவீதத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எதில்? 500 ரூபாய்ச் சேலையின் விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பழைய விலை திரும்பாது. ஏற்றியது 500இல் 20 சதவீதம், அதாவது 100 ரூபாய். தள்ளுபடி 600இல் 20 சதவீதம், அதாவது 120 ரூபாய். விலை 480 ஆகிறது.

குறிச்சொல் பட்டியலின் ஆபத்து

‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு’ என்ற பட்டியலைப் பல வீடுகளில் மனப்பாடம் செய்விக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் அது விடையைத் தந்துவிடும், அதனாலேயே தீங்கானது. ‘கவினிடம் 12 கோலிகள் உள்ளன. இது மலரிடம் உள்ளதைவிட 5 அதிகம். மலரிடம் எத்தனை?’ என்ற கணக்கில் ‘அதிகம்’ என்ற சொல் இருக்கிறது. செய்ய வேண்டியதோ கழித்தல். யாரிடம் அதிகம் என்று கேட்டால் கவினிடம் என்று பிள்ளையே சொல்லிவிடும். அப்படியானால் மலரிடம் 12ஐவிடக் குறைவு, அதாவது 7.

பட்டியலுக்குப் பதிலாக வேறொரு பழக்கம் தரலாம். எண்ணைத் தொடுமுன் விடை கூடுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா என்று வாயால் சொல்லிவிட வேண்டும். 6 பேர் 10 நாளில் முடிக்கும் அறுவடையை அதே வேகத்தில் 12 பேர் செய்தால் நாள் குறையும். 5 நாள் போதும். கொடியில் 5 சட்டைகள் உலர 3 மணி நேரம் ஆனால், இடமிருக்கும்வரை 10 சட்டைகளுக்கும் அதே 3 மணி நேரம்தான். ஆறு மணி நேரம் என்று எழுதும் மாணவர் துணி உலர்வதைப் பார்க்காதவர் அல்லர். கணக்குப் பாடத்தில் அதை நினைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

படம் வரைதல்

ஆரஞ்சையோ பேருந்தையோ அழகாக வரைய வேண்டியதில்லை. நீளமான கட்டங்கள் போதும். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகள் 1980களில் இந்தப் பட்டைப்பட முறையைப் பாடத்திட்டத்தில் கொண்டுவந்தன. இன்று பல நாடுகளில் அது பரவியிருக்கிறது.

‘ஒரு கூடையில் இருந்த ஆரஞ்சுகளில் மூன்றில் ஒரு பங்கு விற்றது. மீதியில் கால் பங்கு அழுகியது. இப்போது 30 உள்ளன. முதலில் எத்தனை?’ ஒரு பட்டையை மூன்று சம பாகமாக்கி ஒன்றை அடித்துவிட வேண்டும். மீதியுள்ள இரண்டு பாகங்களை நான்காக்க, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் போதும். நான்கில் ஒன்றை அடித்தால் மூன்று துண்டுகள் நிற்கும். அவை 30, ஒரு துண்டு 10. முழுப் பட்டையில் இப்படி ஆறு துண்டுகள் அடங்கும். எனவே முதலில் 60. இயற்கணிதம் தொடங்காத வகுப்பிலேயே இதைத் தீர்க்க முடிகிறது.

வயதுக் கணக்குகளுக்கும் பட்டை கைகொடுக்கும். அம்மாவுக்கு 32, மகளுக்கு 8. எத்தனை ஆண்டுகளில் அம்மாவின் வயது மகளின் வயதைப்போல் இரு மடங்காகும்? இரண்டு பட்டைகளும் ஒரே அளவில் வளரும், இடைவெளி மட்டும் 24ஆகவே நிற்கும். இரு மடங்காகும்போது அந்த இடைவெளி மகளின் வயதுக்குச் சமம். மகளுக்கு 24 ஆக 16 ஆண்டுகள் ஆகும். அப்போது அம்மாவுக்கு 48.

வழி தெரியாதபோது

படமும் உதவாவிட்டால் எண்களைச் சிறிதாக்கிப் பார்க்கலாம். 3¾ மீட்டர் துணியில் ⅝ மீட்டர் துண்டுகள் எத்தனை என்பது மிரட்டினால், 6 மீட்டரில் 2 மீட்டர் துண்டுகள் எத்தனை என்று கேட்டு, வகுத்தல்தான் என்று உறுதி செய்துகொண்டு திரும்பலாம். விடை 6 துண்டுகள்.

இன்னொரு வழி, எல்லாம் ஒரே வகை என்று வைத்துக்கொள்வது. சீனாவின் பழைய கணித நூலான சுன்சி சுவான்சிங்கில் ஒரு கணக்கு உண்டு: ஒரே கூண்டில் காட்டுக்கோழிகளும் முயல்களும், தலைகள் 35, கால்கள் 94, ஒவ்வொன்றும் எத்தனை? எல்லாமே கோழி என்றால் 70 கால்கள்தான் இருக்கும். 24 கால்கள் கூடுதலாக இருக்கின்றன. ஒரு கோழியை முயலாக்கும்போது 2 கால்கள் கூடும்; ஆகவே முயல்கள் 12, கோழிகள் 23. ஏழாம் வகுப்பு மாணவர் முயல்களின் எண்ணிக்கையை ‘ம’ என்று வைத்து 4ம + 2(35 − ம) = 94 என்று எழுதினாலும் அதே 12தான் வரும். முதல் வழியைப் புரிந்துகொண்டவருக்குச் சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்பும் எதைக் குறிக்கிறது என்பது தெரியும்.

வழி தெளிந்தபின் செய்கையில் கவனிக்க அதிகம் இல்லை. அலகுகளை முதலில் ஒன்றாக்க வேண்டும்: கிராமும் கிலோவும், நிமிடமும் மணியும் கலந்து நிற்கக் கூடாது. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது எதன் மதிப்பு என்று ஒரு சொல் எழுதினால் பிழையைத் தேடுவது எளிது.

விடையைக் கதைக்குள் திரும்ப வைத்தல்

1983இல் அமெரிக்காவில் நாடளாவிய தேர்வொன்றில் 13 வயது மாணவர்களிடம் இப்படிக் கேட்டார்கள்: ஒரு பேருந்தில் 36 படைவீரர் ஏறலாம்; 1128 பேரை அனுப்ப எத்தனை பேருந்துகள் வேண்டும்? வகுத்தால் ஈவு 31, மீதி 12. பெரும்பான்மையினர் சரியாகவே வகுத்தார்கள். ஆனால் 29 சதவீதத்தினர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். 32 என்ற விடையை எழுதியவர்கள் 23 சதவீதத்தினர். விடையை வெறும் எண்ணாக விடாமல் ‘1128 பேரை அனுப்ப ___ பேருந்துகள் வேண்டும்’ என்று முழு வாக்கியமாக எழுதும் பழக்கம் இருந்தால், மீதியுள்ள 12 பேர் எங்கே நிற்பார்கள் என்ற கேள்வி தானாக எழும்.

சரிபார்ப்பது என்றால் அதே கணக்கை மறுபடி போடுவது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அதே பிழைதான் திரும்ப வரும். வந்த விடையைக் கதையின் தொடக்கத்தில் வைத்து முன்னோக்கி நடத்திப் பார்க்க வேண்டும். ஆரஞ்சுக் கணக்கில் கால் பங்கை மீதியில் எடுக்காமல் முழுவதில் எடுத்தவருக்கு 72 என்று வரும். 72இல் மூன்றில் ஒரு பங்கு 24 விற்றது, மீதி 48, அதில் கால் பங்கு 12 அழுகியது, நிற்பது 36. கணக்கு சொன்னதோ 30. எங்கோ தவறு என்று விடையே காட்டிவிடுகிறது. 60ஐ வைத்தால் 20 போய் 40, அதில் 10 போய் 30.

இவையெல்லாம் கைவந்ததா என்று அறிய, கணக்கை மாணவரையே எழுதச் சொல்லலாம். 24ஐ 5ஆல் வகுக்கும் ஒரே செய்கைக்கு நான்கு கதைகள் கேட்க வேண்டும். நான்கிலும் விடையின் பொருள் வேறுவேறாக இருக்க வேண்டும். 24 பூக்களில் 5 பூ கொண்ட முழுச் செண்டுகள் 4 கட்டலாம். 24 பேர் ஆற்றைக் கடக்க, ஒரு முறைக்கு 5 பேர் ஏறும் பரிசல் 5 முறை போக வேண்டும். 24 ரூபாயை 5 பேர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 4 ரூபாய் 80 காசு. 24 மிட்டாயை 5 பேருக்குச் சமமாகக் கொடுத்தபின் பொட்டலத்தில் மிஞ்சுவது 4.